வகை எங்கே இருக்கிறது: இளஞ்சிவப்பு வித்துக் காளான்களும் தொண்டை நாட்டுத் தருக்கமும்

பொருள்களை இனமினமாகப் பிரித்துப் பெயரிடும்போது மனித அறிவு இயற்கையில் ஏற்கெனவே உள்ள எல்லைகளைக் கண்டெடுக்கிறதா, அல்லது தன் தேவைக்கேற்ற எல்லைகளை இயற்கையின்மேல் வரைந்துகொள்கிறதா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் பலவும் எதிர்கொண்டு விடை சொல்ல முயன்ற வினா. வைசேடிகர் சாமானியம், அதாவது பொதுத்தன்மை, என்னும் தனிப் பதார்த்தத்தையே விடையாக வைத்தனர். பௌத்தர் அதை மறுத்தனர். சமணர் இரு சாராரின் கூற்றிலும் கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளி, மூன்றாவது வழி ஒன்றை வகுத்தனர். இத்தரப்புகள் நேருக்கு நேர் நின்று வாதிட்ட களங்களில் காஞ்சிபுரமும் அதைச் சூழ்ந்த தொண்டை நாடும் முதன்மையானவை. சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கும் செய்யாற்றின் கரையிலுள்ள செய்யாறு நகரும் அதன் அண்டைச் சிற்றூர்களும் அந்த வாதங்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன. பழைய நூல்கள் இவ்வினாவைப் பசுவையும் குடத்தையும் காட்டி ஆராய்ந்தன. பசுவும் குடமும் எவருக்கும் ஐயம் தராத பொருள்கள் ஆதலால் அவற்றைக் கொண்டு நடக்கும் ஆராய்ச்சி எளிதில் சொல்லளவில் நின்றுவிடும். வகை பிரிப்பதே கடினமாகவும், பிரித்ததில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஊறாகவும் முடியும் ஒரு பொருளைக் கொண்டு அதை ஆராய்வது அதிகப் பயன் தரும். இளஞ்சிவப்பு வித்துடைய காளான்கள் அத்தகைய பொருள்.

காளானின் குடைக்கு அடியில் விசிறி மடிப்புகள்போல் அமைந்திருக்கும் மெல்லிய தகடுகள் செவுள்கள் எனப்படும். அவற்றின் பரப்பில்தான் ஸ்போர்கள் எனப்படும் வித்துத்துகள்கள் கோடிக்கணக்கில் விளைந்து உதிர்கின்றன. தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்படாத இத்துகள்கள் ஒருங்கே படியும்போது நிறம் காட்டும். தண்டை நீக்கிய குடையைச் செவுள்கள் கீழ்நோக்கியிருக்கும்படி வெள்ளைத்தாளின்மேல் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விட்டுவைத்தால் மறுநாள் காலையில் தாளில் செவுள்களின் வடிவிலேயே தூள் படிந்திருக்கும். இதை வித்துப்படிவு என்று சொல்லலாம். சில காளான்களில் இது வெள்ளை, சிலவற்றில் துருப்பழுப்பு, சிலவற்றில் கருஞ்செம்பழுப்பு, சிலவற்றில் கறுப்பு. ஒரு பெருந்திரளான காளான்களில் இது வெளிர் இளஞ்சிவப்பிலிருந்து சற்றே பழுப்பு கலந்த தசைச் சிவப்பு வரை அமைகிறது. படிவின் நிறமே இங்குக் கணக்கு; செவுளின் நிறத்தை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். சந்தையில் விற்கும் மொட்டுக்காளானின் பேரினமாகிய அகாரிகஸில் பல சிற்றினங்கள் இளம்பருவத்தில் அழகிய இளஞ்சிவப்புச் செவுள்களைக் காட்டினாலும் அவற்றின் வித்துப்படிவு கருஞ்செம்பழுப்பு. மறுபுறம், உண்மையிலேயே இளஞ்சிவப்பு வித்துடைய காளான்கள் பல இளமையில் வெண்செவுள்களோடுதான் விரிகின்றன. வித்து முற்றிய பிறகே நிறம் ஏறுகிறது.

சுவீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் ஃபிரீஸ் 1821 ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கிய சிஸ்டமா மைக்காலஜிக்கம் என்னும் நூலில் செவுட்காளான்களை எல்லாம் வித்தின் நிறம் கொண்டே பெரும்பிரிவுகளாக வகுத்து, இளஞ்சிவப்பு வித்துடையவற்றை ஹைப்போரோடியஸ் என்ற தலைப்பின்கீழ்த் திரட்டினார். செருமானியரான பவுல் கும்மர் 1871 இல் ஃபிரீஸின் உட்பிரிவுகள் பலவற்றைப் பேரின நிலைக்கு உயர்த்தினார். எண்டோலோமா, கிளைட்டோபைலஸ் முதலிய பெயர்கள் பேரினப் பெயர்களாக நிலைபெற்றது அவர் வழியாகத்தான். குடையின் வடிவம், செவுள் தண்டைத் தொடுகிறதா விலகி நிற்கிறதா, தண்டின் அடியில் பை உண்டா இல்லையா என்பன போன்ற, கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும் என்னும் அளவிலான அடையாளங்களே இந்த அமைப்பின் ஆதாரம். நூறாண்டுகளுக்கு மேலாக இது உலகெங்கும் பயன்பட்டது. இன்றும் காட்டுக்குள் செல்லும் மாணவர் கையிலிருக்கும் கையேடுகள் வித்தின் நிறத்திலிருந்தே தொடங்குகின்றன.

ஆயினும் நுண்ணோக்கி அந்த ஒற்றுமையைக் குலைத்தது. எண்டோலோமாவின் வித்தை எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினாலும் அது கோணங்களை உடையதாக, பட்டை தீட்டிய மணியைப் போலத் தெரியும். கிளைட்டோபைலஸின் வித்தில் நீளவாக்கில் வரம்புகள் ஓடுவதால் நுனிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மட்டுமே கோணம் புலப்படும். புளூட்டியஸ், வால்வேரியெல்லா ஆகியவற்றின் வித்துகளோ கோணம் எதுவுமின்றி வழுவழுப்பானவை. செவுளின் உட்திசு அமைந்திருக்கும் முறையும் முன்னவற்றிலிருந்து முற்றிலும் வேறு. 1972 இல் கோட்லாபா, பூஸார் என்னும் செக் அறிஞர்கள் கோண வித்துடையவற்றுக்கு எண்டோலோமட்டேசியே என்றும், வழுவழுப்பான வித்தும் தண்டைத் தொடாத செவுளும் உடையவற்றுக்குப் புளூட்டியேசியே என்றும் இரு குடும்பங்களை வகுத்தனர். பின்னர் மரபணு வரிசைகளை ஒப்பிடும் முறை வந்தபோது பிளவு மேலும் ஆழமாயிற்று. 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, அடிப்பையுடைய இளஞ்சிவப்பு வித்துக் காளான்களாக ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த வால்வேரியெல்லாவே இரு வேறு வழிகளைச் சேர்ந்தது என்று காட்டியது. ஒரு பகுதி வால்வோபுளூட்டியஸ் என்ற புதிய பெயரோடு புளூட்டியஸுக்கு அருகே நின்றது, வைக்கோல் காளானை உள்ளிட்ட மறு பகுதி அக்குடும்பத்தைவிட்டே வெளியே சென்றது.

தமிழகத்து மழைக்காலத்தில் கரையான் புற்றின்மேல் எழும் புற்றுக்காளானின் நிலையும் இதுவே. கரையான்கள் புற்றுக்குள் பூஞ்சையை வளர்க்கின்றன என்பதைத் தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கோனிக் தஞ்சைப் பகுதியில் கண்டு 1779 இல் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஐம் 1942 இல் இக்காளான்களுக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பேரினப் பெயர் இட்டார். அவர் பெயரைக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் 1979 இல் தமிழ்நாட்டுச் சிற்றினம் ஒன்றுக்கு டெர்மிட்டோமைசஸ் ஐமியை என்று பெயர் சூட்டினார். இதன் வித்துப்படிவும் இளஞ்சிவப்பே. ஆனால் மரபுவழியில் இது எண்டோலோமாவுக்கும் புளூட்டியஸுக்கும் உடன்பிறப்பாக அமையவில்லை. வெண்ணிற வித்துடைய உறவினர்கள் பலரைக் கொண்ட லையோஃபில்லேசியே குடும்பத்துக்குள் இது அடங்குகிறது. ஆக, இளஞ்சிவப்பு வித்து என்னும் பண்பு செவுட்காளான்களின் வரலாற்றில் ஒருமுறை தோன்றி ஒரே குலத்தில் தொடர்ந்து வந்ததன்று. வெவ்வேறு வழிகளில் தனித்தனியே தோன்றியது. அப்படியானால் ஃபிரீஸ் திரட்டிய அந்தத் திரள் ஒரு பொருளா, வெறும் பெயரா?

இவ்விடத்தில் தருக்க நூல்களின் துணை தேவைப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தையும் அதன் தீபிகையுரையையும் தமிழில் தந்தவர், காஞ்சிப்புராணம் பாடியவரும் 1785 இல் மறைந்தவருமான மாதவச் சிவஞான முனிவர். ஓர் இலக்கணம், அதாவது ஒரு பொருளைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய உதவும் வரையறை, மூன்று குற்றங்கள் இன்றி இருத்தல் வேண்டும் என்று அந்நூல் மரபு கற்பிக்கிறது. குறித்த பொருளின் ஒரு பகுதியில் மட்டும் சென்று மறு பகுதியில் செல்லாமை அவ்வியாத்தி. பசுவுக்குக் கபில நிறத்தை இலக்கணமாகச் சொல்வது இக்குற்றம். குறித்த பொருளைக் கடந்து பிறவற்றிலும் செல்வது அதிவியாத்தி. கொம்புடைமையைச் சொல்வது இதற்கு எடுத்துக்காட்டு. குறித்த பொருளில் எங்குமே இல்லாதது அசம்பவம். பசுவுக்கு ஒற்றைக் குளம்பைச் சொல்வது அது. எண்டோலோமட்டேசியே குடும்பத்துக்கு இளஞ்சிவப்பு வித்தை இலக்கணமாகச் சொன்னால் அது புளூட்டியஸிலும் புற்றுக்காளானிலும் செல்வதால் அதிவியாத்தி. செவுளுடைமையையும் சேர்த்துச் சொன்னால், செவுளே இல்லாமல் மூடிய உருண்டையாக வளரும் சில காளான்கள் மரபணுவின்படி எண்டோலோமாவுக்குள்ளேயே அடங்குவதால் அவ்வியாத்தி. பரப்பில் கோணமோ வரம்போ மேடோ உடைய இளஞ்சிவப்பு வித்து என்பதே இரு குற்றங்களுக்கும் பெரும்பாலும் தப்பும் இலக்கணம். வகைப்பாட்டியலார் இருநூறாண்டு உழைப்பில் செய்த திருத்தங்களை இம்மூன்று சொற்களைக்கொண்டே விளக்கிவிட முடிகிறது என்பது அம்மூன்று சொற்களின் வலிமைக்குச் சான்று.

இலக்கணம் குற்றமற்றது என்பதால் மட்டும் அது வரையறுக்கும் பொருள் உண்மையான சாதி ஆகிவிடாது என்பதையும் நியாய மரபே சொல்லிவைத்திருக்கிறது. சாதி என்று இங்குக் குறிப்பது பல தனிப்பொருள்களில் ஒன்றாய், நித்தியமாய் நிலைபெற்றிருக்கும் பொதுத்தன்மையை. அவ்வாறு நிலைபெறாமல், அறிவோன் சில பண்புகளைச் சேர்த்துக் கூட்டிக்கொள்ளும் பொதுமை உபாதி எனப்படும். எது சாதி ஆகாது என்பதை அறிய நியாய ஆசிரியர் உதயணர் தம் கிரணாவளியில் ஆறு தடைகளைக் கூறினார். அவற்றுள் சங்கரம் என்னும் தடை காளான் ஆராய்ச்சிக்கென்றே வகுத்ததுபோல் பொருந்துகிறது. இரண்டு பொதுத்தன்மைகள் ஓரிடத்தில் சேர்ந்தும், வேறிடங்களில் ஒன்றை விட்டு மற்றொன்று தனித்தும் காணப்படுமானால் அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அத்தகையவை சாதியாக நிற்க மாட்டா. பூதமாயிருத்தலும் அளவுபட்ட உருவுடைமையும் நிலம், நீர் முதலியவற்றில் சேர்ந்திருக்கின்றன. ஆகாயம் பூதமாயினும் அளவுபட்டதன்று. மனம் அளவுபட்டதாயினும் பூதமன்று. அதனால் பூதத்தன்மை சாதியன்று என்பது பழைய எடுத்துக்காட்டு. காளான்களில் இளஞ்சிவப்பு வித்துடைமையையும் அடிப்பையுடைமையையும் எடுத்துக்கொள்க. வைக்கோல் காளானில் இரண்டும் உண்டு. புளூட்டியஸ் பேரினத்தில் பெரும்பாலும் இளஞ்சிவப்பு வித்து மட்டுமே உண்டு. அமானிட்டா பேரினத்தில் அடிப்பை உண்டு, வித்து வெள்ளை. வெட்டிச் செல்லுதல் இதைவிடத் தெளிவாக அமையாது. உதயணரின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஃபிரீஸின் திரள் உபாதியே என்று மரபணு ஆய்வுக்கு முன்பே ஐயுற இடமிருந்தது.

பௌத்தர் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை வைசேடிகவாதியின் பதார்த்தங்களை எடுத்துரைக்கும்போது சாமானியத்தையும் விசேடத்தையும் முறைப்படி எண்ணுகிறது. அதன்பின் காஞ்சிக்கு வரும் மணிமேகலை அறவண அடிகளிடம் பௌத்த அளவை நூலைக் கேட்டறிகிறாள். காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று மரபு கூறும் திங்நாகர், பிரமாண சமுச்சயத்தில் சாமானியம் என்று வெளியே ஒரு பொருள் இல்லை என்று நிறுவ முயன்றார். பசு என்னும் சொல் பசுவல்லாதவற்றை விலக்குவதையே செய்கிறது, வேறு எந்தப் பொதுப்பொருளையும் சுட்டுவதில்லை என்பது அவருடைய அபோகக் கொள்கை. காளானை இனங்காணும் கையேடுகள் நடைமுறையில் இம்முறையையே பின்பற்றுகின்றன: படிவு வெள்ளையன்று, பழுப்பன்று, கறுப்பன்று என்று விலக்கி, செவுள் தண்டைத் தொடாமலில்லை, அடிப்பை இல்லை என்று மேலும் விலக்கி, எஞ்சியதற்குப் பெயர் தருகின்றன. திங்நாகருக்குப் பின்வந்த தருமகீர்த்தி எதிர்தரப்பின் வலுவான கேள்வியை எதிர்கொண்டார்: பொதுத்தன்மை எதுவும் இல்லையெனில் பல பொருள்கள் ஒரே விளைவைத் தருவது எப்படி? சீந்தில் முதலிய பல மூலிகைகள் தம்முள் வேறானவையாயிருந்தும், அவற்றினூடே ஒரு பொதுப்பொருள் ஓடாமலேயே, காய்ச்சலைத் தணிக்கின்றன என்பது அவருடைய விடை. வெவ்வேறு குலத்துக் காளான்கள் ஒரே இளஞ்சிவப்பைத் தனித்தனியே விளைவித்ததற்கு இவ்விடையைவிடப் பொருத்தமான தத்துவ விளக்கம் வேறொன்று கிடைப்பது அரிது.

இருந்தும் பௌத்தரின் முடிவை முழுமையாக ஏற்க முடியாது. 2011 ஆம் ஆண்டின் இறுதி இரவில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் சமைக்கப்பட்ட ஒரு விருந்தில் அமானிட்டா பல்லாய்டிஸ் என்னும் கொடிய நச்சுக்காளான் கலந்திருந்தது. உண்டவர்களுள் இருவர் அடுத்த சில நாள்களில் இறந்தனர். ஆசியாவில் பரவலாக உண்ணப்படும் வைக்கோல் காளான் என்று எண்ணி அது சமைக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்டது. இரண்டும் இளமையில் ஓர் உறைக்குள் முட்டைபோல் மூடியிருப்பவை. விரிந்த பின் இரண்டுக்கும் அடிப்பை உண்டு. வித்துப்படிவு ஒன்றில் இளஞ்சிவப்பு, மற்றதில் வெள்ளை. அமானிட்டாவின் நஞ்சு கல்லீரல் உயிரணுக்களில் புரத உற்பத்திக்கு வேண்டிய நொதியை முடக்குகிறது. சமைப்பதால் அந்நஞ்சு அழிவதில்லை. உண்டவர் அதற்கு என்ன பெயரிட்டார், எதை விலக்கினார் என்பதை அந்நஞ்சு கேட்பதில்லை. அமானிட்டா பல்லாய்டிஸ் காளான் ஒவ்வொன்றும் அந்நஞ்சைத் தன் முன்னோரிடமிருந்து பெற்றது. அபோகம் அறிவின் வழியை விளக்குகிறது. அறியப்படும் பொருளில் உள்ள தொடர்ச்சியை விளக்காமல் விட்டுவிடுகிறது. நிறத்தின் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம், ஆனால் குலத்தின் ஒற்றுமை தற்செயலன்று.

இந்த இரு ஒற்றுமைகளையும் பிரித்துப் பேசக் கற்றவர்கள் சமணர். செய்யாற்றுக்கு வடக்கே, காஞ்சிபுரம் செல்லும் திசையில் உள்ள கரந்தை, திருப்பனமூர் என்னும் இரட்டைச் சிற்றூர்கள் தமிழ்ச் சமணத்தின் பழைய இருப்பிடங்கள். காஞ்சியில் பௌத்தரை வாதில் வென்றவர் என்று போற்றப்படும் அகளங்கரோடு அவ்வூர்களை மரபு இணைக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அகளங்கரின் நூல்களை அடியாகக்கொண்டு மாணிக்கநந்தி பரீட்சாமுகம் என்னும் சூத்திர நூலை இயற்றினார்; பதினோராம் நூற்றாண்டில் பிரபாசந்திரர் அதற்குப் பேருரை எழுதினார். சாமானியம் இருவகைப்படும் என்பது அந்நூல் தரும் பாகுபாடு. ஒரே காலத்தில் நிற்கும் பல தனிப்பொருள்களுக்கிடையே குறுக்காகக் காணப்படும் ஒப்புமை திரியக் சாமானியம். பல பசுக்களுக்கிடையே காணும் ஒப்புமை அத்தகையது. முன்னும் பின்னுமாக வரும் மாற்றங்களினூடே நெடுக்காகத் தொடரும் ஒருமை ஊர்த்துவதா சாமானியம். பிசைந்த மண், உருண்டை, குடம், ஓடு என நிலைகள் மாறினும் மண் தொடர்வது அத்தகையது. ஆரணித் தறியில் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே செல்லும் ஊடையும் சேர்ந்தே துணி ஆவதுபோல இவ்விரண்டும் சேர்ந்தே ஒரு பொருளின் தன்மையை அறிவிக்கின்றன என்பது சமணரின் நிலை.

மாணிக்கநந்தி நெடுக்குப் பொதுமையை ஒரே திரவியத்தின் மாற்றங்களுக்குச் சொன்னாரே அன்றித் தலைமுறைகளின் சங்கிலிக்குச் சொல்லவில்லை. அதை உயிர்க்குலங்களுக்கு விரித்துக்கொள்வது இக்கட்டுரையின் துணிபு. அவ்வாறு விரித்தால் இருநூறாண்டுக் காளானியல் வரலாறு ஒரே வாக்கியத்தில் அடங்கும்: ஃபிரீஸ் குறுக்குப் பொதுமையைக் கண்டார், அதை நெடுக்குப் பொதுமையாகக் கொள்ள நேர்ந்தது, அந்த மயக்கத்தை நுண்ணோக்கியும் மரபணுவும் நீக்கின. அதனால் ஃபிரீஸ் கண்டது பொய்யாகிவிடவில்லை. இளஞ்சிவப்புப் படிவு இன்றும் தாளில் விழுகிறது. இன்றும் அதுவே மாணவரைச் சரியான கதவின் முன் நிறுத்துகிறது. பொருளின் சாரமாகக் கருதப்பட்டது பொருளை நோக்கிச் சுட்டும் அடையாளமாகத் தன் உரிய இடத்துக்கு வந்திருக்கிறது.

குலவழியை அறிந்துவிட்டால் வகைப்பாடு முழுவதும் இயற்கையே எழுதித் தந்ததாகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. 2009 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எண்டோலோமட்டேசியே குடும்பத்தின் மரபணு மரத்தை வரைந்து, ரோடோசைபி என்னும் பேரினத்தைக் கிளைட்டோபைலஸுக்குள் சேர்த்தனர். 2014 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கூடுதல் மரபணுக்களைக் கொண்டு அதே கிளையை மீண்டும் பல பேரினங்களாகப் பிரித்தனர். கிளைகள் எவ்வாறு பிரிந்தன என்பது இயற்கையின் செய்தி. எந்தக் கணுவில் வெட்டிப் பேரினம் என்று பெயரிடுவது என்பது மனிதரின் தீர்ப்பு. சமணர் இதற்கும் சொற்கள் வைத்திருந்தனர். அனைத்தையும் ஒன்றாகத் திரட்டிக் காணும் பார்வை சங்கிரக நயம். நடைமுறைத் தேவைக்காகப் பிரித்துக் காணும் பார்வை வியவகார நயம். தன் பார்வை மட்டுமே முழு உண்மை என்று ஒன்று சாதிக்கும்போதுதான் அது நயாபாசம், அதாவது போலிப் பார்வை ஆகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட எண்டோலோமாவை ஒரே பேரினமாக வைப்பவரும் பலவாகப் பிரிப்பவரும் இந்த எல்லையை மறவாதிருந்தால் அவர்களுடைய வேறுபாடு பகையாகாது.

செய்யாறு நகரின் திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயில் இவ்வாராய்ச்சியோடு இன்னொரு வகையில் தொடர்புடையது. அன்பர் ஒருவர் சிவபெருமானுக்கென வளர்த்த பனைகள் அனைத்தும் ஆண்பனைகளாகிக் காய்க்காமல் நிற்க, சமணர் அவரை எள்ளி நகைத்தனர் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவை குலை ஈன்றன என்றும் பெரியபுராணம் சொல்கிறது. பனை இன்றும் அக்கோயிலின் தலமரம். இப்புராணச் செய்தியைப் பக்தியின் கண்கொண்டு காண்போர் அருளின் ஆற்றலைக் காண்கின்றனர். அது அவ்வாறே நிற்கட்டும். அதன் உள்ளே ஒரு தத்துவக் கருத்தும் உண்டு. பனை முளைத்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்து பாளை விடும்வரை அது ஆணா பெண்ணா என்று கண்ணால் கூற இயலாது. இளங்காளானின் வெண்செவுளில் இளஞ்சிவப்பு ஏறும்வரை அதன் பிரிவைக் கூற இயலாததும் இத்தகையதே. அடையாளம் காலம் கடந்தே வெளிப்படுகிறது. வெளிப்பட்ட பின்னும் அந்த அடையாளம் பொருளின் இறுதி எல்லையன்று, படைத்தவனுக்கு அது கட்டளையும் அன்று என்பதே சேக்கிழார் காட்டும் சைவத்தின் துணிபு. எள்ளிய சமணரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: உள்ளதை உள்ளபடி காண்க, விருப்பத்தின் பொருட்டு வகையை மாற்றாதே என்பது அவர்கள் தருக்கத்தின் அடிப்படை. ஒரே ஊரின் நினைவில் இவ்விரு குரல்களும் சேர்ந்து நிற்பது அவ்வூரின் செல்வம்.

அடையாளத்தைச் சாரமாக மயங்குவது காளானோடு நின்றிருந்தால் அது அறிஞர்களின் சிக்கல் மட்டுமே. நியாய வைசேடிகரும் மீமாஞ்சகரும் மனிதருக்குள் பிராமணத்தன்மை என்பது பசுத்தன்மையைப் போல ஓர் உண்மைச் சாதி, நித்தியமானது என்று வாதிட்டனர். பிரபாசந்திரர் தம் பேருரையில் இதை விரிவாக மறுத்தார்: பசுவையும் குதிரையையும் பார்த்த அளவிலேயே வேறுபாடு தெரிவதுபோல மனிதருக்குள் இவ்வேறுபாடு காட்சியில் புலப்படுவதில்லை, பெற்றோர் இன்னார் என்ற சொல்லாலும், சடங்காலும் தொழிலாலும் அறியப்படுவதே அது, ஆகவே அது செயலைச் சார்ந்து ஏற்பட்ட வழக்கே. உபாதியைச் சாதி என்று கொண்டதால் நேர்ந்த தீங்கு காளானில் ஒரு குடும்பப் பெயரின் திருத்தத்தோடு முடிந்தது. மனிதரில் அது நூற்றாண்டுகளின் துயரமாயிற்று. தருக்க நூலின் ஒரு நுண்ணிய வேறுபாடு எவ்வளவு பெரிய அறத்தைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வகைப்பாடு ஒழுக்கத்தை ஆளும் இடம் இன்னொன்று உணவு. மனுநூல் பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு காளானையும் இருபிறப்பாளர் உண்ணலாகாதவற்றில் சேர்க்கிறது. அங்கே கருதப்பட்டது தூய்மை. சமண இல்லறத்தாரும் காளானை விலக்குகின்றனர். அங்கே கருதப்படுவது உயிர். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கும் முறையைத் தொல்காப்பிய மரபியலும் கூறுகிறது. சமணம் ஓரறிவுடைய நிலைத்திணைக்குள் ஓர் உடம்பில் ஓருயிர் வாழ்வன, ஓர் உடம்பைக் கணக்கற்ற உயிர்கள் பகிர்ந்து வாழ்வன என்று மேலும் பிரித்து, பின்னவற்றை உண்பது பெருங்கொலை என்று கொண்டது. இன்றைய உயிரியலில் பூஞ்சைகள் தாவரங்களல்ல; குலவழியில் அவை விலங்குகளுக்கே அணுக்கமானவை. மண்ணுக்குள் பரவிய நூல்வலையே பூஞ்சையின் உடம்பு. மேலே காணும் குடை அதன் வித்து வாயில். எது ஓர் உடம்பு, எத்தனை உயிர் என்று காளானைப் பார்த்துத் தயங்கிய சமணரின் தயக்கம், அவர்களுடைய விடையை ஏற்காதவருக்கும் மதிக்கத்தக்கது. கோவை வேளாண்மைக் கல்லூரியில் தாமசும் உடன் ஆய்வாளர்களும் வைக்கோல் காளானை வளர்க்கும் முறையைக் கண்டு 1943 இல் வெளியிட்டது தொடங்கி, நெல் விளையும் வட்டாரங்களில் வைக்கோலை உணவாக்கும் வழி திறந்தது. புரதம் குறைந்த ஏழை உணவுக்கு அது நல்ல துணை. ஒரே பொருளைத் தூய்மை நோக்கி வகுப்பதும், இரக்கம் நோக்கி வகுப்பதும், பசி நோக்கி வகுப்பதும் தனித்தனி நயங்கள். இவற்றுள் இரக்கமும் பசியும் நோக்கிய வகைப்பாடுகள் மனிதனைப் பிற உயிரோடு பிணைக்கின்றன; தூய்மை நோக்கியது அவனைப் பிற மனிதரிடமிருந்து பிரித்தது. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் அவற்றை மதிப்பிட வேண்டும்.

கேரளத்தின் எண்டோலோமாக்களைக் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் மணிமோகனும் நெதர்லாந்தின் லைடனைச் சேர்ந்த நூர்தெலூஸும் உடனாய்வாளர் ஒருவரும் 2006 இல் விரிவாக விவரித்துப் பல புதிய சிற்றினங்களைப் பெயரிட்டுவிட்டனர். செய்யாறு பிறக்கும் சவ்வாது மலைக்கும் அத்தகைய கவனம் வேண்டும். அம்மலையில் மழைக்குப்பின் எழும் இளஞ்சிவப்பு வித்துக் காளான்களைத் திரட்டி, வித்துப்படிவு எடுத்து, நுண்ணோக்கியில் வித்தின் கோணத்தைப் பார்த்து, உலர்த்திப் பாதுகாத்து, மலைவாழ் மக்கள் அவற்றுக்கு வழங்கும் பெயர்களோடு பதிவு செய்யும் பணியை அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் மேற்கொள்ள வேண்டும். அப்பணிக்குச் செல்லும் மாணவருக்குத் தாவரவியல் பாடநூலோடு சிவஞான முனிவரின் தருக்க சங்கிரகத்தில் இலக்கணக் குற்றங்கள் மூன்றையும் கூறும் பகுதியையும் ஆசிரியர்கள் கற்றுத்தர வேண்டும். எடுத்த காளான் எதையும், படிவின் நிறம் ஒன்றை மட்டும் நம்பி, அவர்கள் உண்ணக் கூடாது.